பின்னறையில் சிவப்பு!

"ஐயோ... போச்சே!"

குருவிட்டவில் மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்த சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம்.

அலறியது ஆண் குரல்!

அடுக்களையில் நின்ற நாகேஸ்வரியின் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை நழுவியது. உடைந்தது. அதைத் தாண்டிக்கொண்டு அவள் பின்னறைக்கு ஓடினாள்.

திரைச்சீலைகள் இழுத்து மூடப்பட்டிருந்தன. இருட்டு. அந்த இருட்டுக்குள் அவளுடைய கணவர் இரத்தினசபாபதி சுவரோடு சாய்ந்து நின்றார். விரல் மட்டும் மேசையைக் காட்டியது.

மேசை மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டியின் தலையில் ஒரு கல்.

கல்... இரத்தச் சிவப்பாக எரிந்தது!

"ஆரோ செத்துப்போச்சினமோ எண்டு பயந்திட்டன்! ஏனப்பா கத்துறியள்?"

"என்ர நீலக்கல்லை ஆரோ மாத்திப்போட்டாங்களடி! நேற்றும் பாத்தனான். கடல் மாதிரி நீலம். இண்டைக்குப் பார்... சிவப்பு!"

நாகேஸ்வரி குனிந்து பார்த்தாள்.

"சிவப்பெண்டால் மாணிக்கமல்லோ? விலை கூடத்தானே. கள்ளன்தான் நட்டப்பட்டிருக்கிறான் போல."

"பகிடி விடாதை! நாலு மணிக்கு லண்டனிலையிருந்து வீடியோ கோல் வரும். மாப்பிள்ளை லோஜன் தம்பியின்ர தாய்க்குக் கல்லைக் காட்ட வேணும். பெடியன்ர சாதகத்துக்கு நீலம்தான் எண்டு அந்த மனிசி ஒற்றைக் காலிலை நிக்குது. நீலம் இல்லையெண்டால் மோதிரம் இல்லை. மோதிரம் இல்லையெண்டால் சம்பந்தமே இல்லை!"

வாசலில் வந்து நின்ற மகள் பிரஷாந்தினியின் முகத்தில்... ஒரு விநாடி... ஒரு வெளிச்சம் வந்துபோனது.

யாரும் கவனிக்கவில்லை.

கவனித்திருந்தால் கதை இந்த வரியோடு முடிந்திருக்கும்!

"எனக்குத் தெரியும் ஆரெண்டு!" இரத்தினசபாபதி பல்லைக் கடித்தார். "உந்த வைஃபைக்காரப் பெடியன். கிருஷாந்த்! இண்டைக்கு மூண்டு மணிக்கு வந்து போனவன். தோட்டத்துப் பெடியங்களை வீட்டுக்குள்ளை விடக் கூடாது எண்டு அப்பவே நினைச்சனான்!"

(ரப்பர் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக முப்பத்தெட்டு வருஷம் சம்பளம் வாங்கி, ஓய்வு பெற்றபின்னும் அதே தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர் அவர்!)

"பக்கத்து வீட்டு ஜவ்பரைக் கூப்பிடு!"

ஜவ்பர். ஓய்வு பெற்ற பொலிஸ் சார்ஜன்ட். ஆறு வருஷமாக ஒரு வழக்குகூடக் கிடைக்காமல் வாடியிருந்த மனிதர்.

விஷயத்தைப் போனில் கேட்டவர் ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டார். ஒரு கையில் குடை... மறு கையில் கிருஷாந்த்!

"சந்தியில தேத்தண்ணிக் கடையில மழைக்கு ஒதுங்கி நின்டான். கையோட கூட்டிட்டு வந்தன்."

கிருஷாந்துக்கு இருபத்தொன்பது வயது. தெரணியகலைப் பக்கத்துத் தோட்டம். குருவிட்ட பஸ் நிலையத்துக்கு எதிரே சின்னதாக ஒரு கம்பியூட்டர் கடை. நனைந்த சட்டை, குழம்பிய கண்கள்.

"தம்பி, இந்த வீட்டுக்கு எத்தின தரம் வந்திருக்கிற?"

"பதினோரு தரமுங்க, சார்ஜன்ட் மஹத்தயா."

"ஒரு வைஃபை பூட்டவா?"

"பூட்ட ஒரு தரம், இன்னைக்கு ஒரு தரங்க. மத்த ஒம்பதும் எதை வாங்குறதுன்னு பேச."

அது உண்மை.

வெள்ளைக்காரன் காலத்து வீடு. கருங்கல் சுவர், இரண்டு சாண் தடிப்பு. முன் ஹோலில் இருந்த ரவுட்டரின் சிக்னல் சாப்பாட்டு அறையைத் தாண்டியதே இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்த பிரஷாந்தினி, முற்றத்துக் கொய்யா மரத்தடியில் குடையும் லெப்டொப்புமாக உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

வழி ஒன்றுதான். மெஷ்! வீட்டில் ஆங்காங்கே பெட்டிகளை வைத்தால் அவை ஒன்றுக்கொன்று கைகொடுத்து, வீடு முழுக்க ஒரே வைஃபையாக ஆக்கிவிடும்.

எந்த மெஷ்? அதைத் தீர்மானிக்க மூன்று மாதம்!

"ஐயா மொதல்ல மூணு பொக்ஸ் உள்ளதப் பாத்தாருங்க," என்றான் கிருஷாந்த். "நாந்தான் ரெண்டே போதும்னேன். பொறகு வெல கூடுன ஒண்ணக் காட்டி இது நல்லதான்னாரு. அதும் வேணாம்னேன். இந்தக் கல்லு செவுத்துக்கு எவ்வளவு பெரிய பொக்ஸ் வச்சாலும் காத்துல வராதுங்க. ரெண்டுக்கும் நடுவுல கூரைக்குள்ளால ஒரு வயர இழுத்துட்டா மலிவானதே பறக்கும்னேன். பூட்டி ஒரு மாசமாச்சு... ஒரு வாட்டிகூட அறுந்ததில்லீங்க!"

ஜவ்பர் திரும்பினார்.

"கிளாக்கர் ஐயா, இவன் கள்ளன் இல்ல."

"எப்பிடிச் சொல்லுறியள்?"

"வெல கொறஞ்சத வாங்கச் சொன்ன யாவாரியாச்சே! களவெடுக்கத் தெரிஞ்சவனா இருந்தா வெல கூடினதத்தானே வித்திருப்பான்?"

"பெடியன் நடிக்கிறான்!"

"சரி. தம்பி, முடிவெடுக்க ஏன் ஒம்பது தரம்?"

கிருஷாந்த் தலையைச் சொறிந்தான்.

"நாலாவது தரமே முடிவாயிருச்சுங்க. அப்புறம்... இன்னுங் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாக்கலாமேன்னு..."

பிரஷாந்தினி சுவரில் தொங்கிய கலண்டரை மிகவும் அக்கறையாகப் படித்தாள். அது போன வருஷத்துக் கலண்டர்!

"இன்னைக்கி எவ்வளவு நேரம் இருந்த?"

"பத்து நிமிசங்க. முன் ஹோல்லதாங்க. லண்டன் கோலுக்கு சிக்னல் சரியான்னு பாத்துட்டுப் போனேன்."

"பச்சைப் பொய்!"

இரத்தினசபாபதி தன் போனை உருவினார். மெஷ் ஆப்பைத் திறந்தார்.

"எந்தப் போன் எந்தப் பெட்டியோடை எத்தினை மணிக்கு நிண்டது எண்டு இதிலை எழுதியிருக்கும். நீதானே காட்டித் தந்தனீ! இஞ்ச பார்... கிருஷாந்தின்ர போன். பின்னறைப் பெட்டி. மூண்டு பத்திலையிருந்து மூண்டு முப்பத்திரண்டு வரைக்கும்!"

மின்னல் ஒன்று ஜன்னலைத் தடவிவிட்டுப் போனது.

தான் விற்ற பெட்டியே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று எந்த வியாபாரிதான் எதிர்பார்ப்பான்?

கிருஷாந்தின் முகம் வெளுத்தது.

"பின்னறையில இருவத்திரண்டு நிமிசம்!" ஜவ்பரின் குரல் தடித்தது. "என்ன செஞ்ச?"

"சொல்ல முடியாதுங்க."

"சொல்லாட்டி ஸ்டேஷன்ல சொல்ல வேண்டி வரும்!"

"கல்ல நான் எடுக்கலைங்க. எடுத்தேன்னு நெனைச்சா புடிச்சுக் குடுங்க. ஆனா அந்த இருவத்திரண்டு நிமிசத்தப் பத்தி... யார் அடிச்சாலும் பேசமாட்டேன்."

பிரஷாந்தினியின் உதடு திறந்தது.

கிருஷாந்த் தலையை அசைத்தான். மிக மெல்ல.

உதடு மூடியது.

நாகேஸ்வரிக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரியும். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"போனத் தாங்க, ஐயா." ஜவ்பர் வாங்கினார். இரத்தினசபாபதி வாசித்த வரிக்குக் கீழே இருந்த இன்னும் இரண்டு வரிகளை வாசித்தார். மீசை ஒரு தரம் ஆடியது.

போனைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்!

"இன்னொரு கேள்வி. கல்ல எப்பவும் எங்க வச்சுப் பாப்பீங்க?"

"இந்தப் பெட்டிக்கு மேலைதான். ஒவ்வொரு நாளும். திரையை மூடிப்போட்டு."

"பெட்டி வர முந்தி?"

"டோர்ச்சிலை. கல்லு வித்த தரகன் சின்ன டோர்ச் ஒண்டும் இனாமாத் தந்தவன்."

"இனாமா!"

"ஓம். நல்ல மனிசன். ஆறு மாசத்துக்குப் பகல் வெளிச்சம் படவிட வேண்டாம், பட்டால் கல்லின்ர நிறம் நித்திரையாப் போயிடும் எண்டும் சொன்னவன்."

ஜவ்பர் கண்களை மூடித் திறந்தார்.

"அல்லாஹ்வே! முப்பது வருஷம் பொலிஸ்ல எத்தின கள்ளன்மாரப் பாத்திருப்பன். டோர்ச்சும் சேத்துக் குடுக்குற கள்ளன இன்னைக்கித்தான் கேள்விப்படுறன்."

"என்ன சொல்லுறியள்?"

"இங்கயே நில்லுங்க. கல்லுல இருந்து கண்ண எடுக்காதீங்க!"

அவர் விறுவிறுவென்று முன் ஹோலுக்கு நடந்தார். சுவரில் ஃபைபர் பெட்டி. அதிலிருந்து முதலாவது மெஷ் பெட்டிக்குப் போகவேண்டிய வயர்... கழன்று, தரையை முத்தமிட்டுக்கொண்டு தொங்கியது.

க்ளிக்!

பின்னறையில் பெட்டியின் தலையில் இருந்த சின்ன விளக்கு அணைந்தது. மஞ்சளாகச் சிமிட்டியது. பிறகு...

நீலம்!

கல்லும் நீலம்! கடல் மாதிரி நீலம்!

"வந்திட்டுது! என்ர நீலம் வந்திட்டுது!" இரத்தினசபாபதி துள்ளினார்.

திரும்பி வந்த ஜவ்பர் ஒரே இழுப்பில் திரைச்சீலையைத் திறந்தார். கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஜன்னலோரம் நீட்டினார்.

மழை வெளிச்சத்தில் அது... ஒரு சொட்டு மழைத்தண்ணீர் மாதிரிக் கிடந்தது. நிறமே இல்லை!

"கல்லு களவு போகல்ல, ஐயா. இன்டர்நெட்தான் போச்சி. இந்தப் பெட்டிக்கு லைன் இருந்தா நீல லைட். அறுந்தா சிவப்பு லைட். தரகன் தந்த டோர்ச்சும் நீல லைட்டாத்தான் இருக்கும். ஒரு மாசமா அறுகவே இல்ல... அதால சிவப்ப நீங்க கண்டதே இல்ல!"

இரத்தினசபாபதி கட்டிலில் உட்கார்ந்தார். அல்லது, கட்டில்தான் அவரைப் பிடித்துக்கொண்டது.

பிறகு நிமிர்ந்தார்.

"தம்பி... உனக்கு இது முந்தியே தெரியுமோ?"

"பூட்டுன அன்னைக்கே தெரியுங்க," கிருஷாந்த் தரையைப் பார்த்தான். "எங்க சித்தப்பா மாணிக்கக் குழியில வேலை. வெள்ளைக் கல்ல எனக்குப் பாத்ததும் தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்க அதப் பாத்துச் சிரிச்சீங்கங்க. பதினோரு தரத்துல அன்னைக்கு ஒரு நாள்தான் நீங்க சிரிச்சுப் பாத்தேன். கெடுக்க மனசு வரல."

இரத்தினசபாபதி முன் ஹோல் பக்கம் திரும்பினார்.

"அப்ப... வயரைக் கழட்டினது ஆர்?"

ஜவ்பர் கல்லை மேசையில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நிதானமாக வாசித்தார்.

"பிரஷாந்தினின்ட போன். பின்னறைப் பெட்டி. மூணு பத்துல இருந்து மூணு முப்பத்திரண்டு. அதுக்குக் கீழ... மூணு முப்பத்திநாலு, இன்டர்நெட் இல்ல."

"நான்தான் கழட்டினனான், அப்பா!"

பிரஷாந்தினி முன்னால் வந்தாள். கண்ணில் நீர். குரலில் மட்டும் நடுக்கமில்லை.

"எனக்கு லண்டன் வேண்டாம். எத்தினை தரம் சொல்ல வெளிக்கிட்டு விழுங்கியிருப்பன். கோல் வராமல் ஏதாவது செய்யுங்கோ எண்டு இவரிட்டைத்தான் கெஞ்சினனான். இருபத்திரண்டு நிமிசம் கெஞ்சினனான். மாட்டன் எண்டிட்டார்!"

"ஏன்டா மாட்டேன்ன?" ஜவ்பருக்கே ஆவல் தாங்கவில்லை.

"நான் பூட்டுன லைன், மஹத்தயா. அத நானே அறுத்தா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கடையத் தொறப்பேன்? ஐயாகிட்ட நேரா கேக்குறேன்னுதான் சொன்னேன்."

"அப்ப கேளுமன்!" நாகேஸ்வரி வெடித்தாள். "பதினோரு தரம் வந்திட்டீர். இன்னும் ஒப்பிட்டுப் பாக்கவோ?"

கிருஷாந்த் நனைந்த சட்டையை இழுத்துச் சரிசெய்தான்.

"ஐயா... பிரஷாந்தினிய எனக்குக்..."

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

எல்லோரும் திடுக்கிட்டார்கள்.

நான்கு மணி! மேசையிலிருந்த டெப்லெட் அலறியது. திரையில் லோஜனின் தாயாருடைய படம். இம்மி பிசகாத, கண்ணாடி மாதிரித் தெளிவான அழைப்பு. மலிவுப் பெட்டி தன் கடமையை மிகச் சிறப்பாகச் செய்தது!

இரத்தினசபாபதி டெப்லெட்டைப் பார்த்தார். அதன் பக்கத்தில் கிடந்த மழைத்துளியைப் பார்த்தார். 'அசல் குருவிட்ட நீலம், இரண்டு கரட்' என்று லண்டனுக்குத் தான் அடித்த தம்பட்டம் காதுக்குள் கேட்டது.

பிறகு மகளைப் பார்த்தார். நனைந்த சட்டையோடு நின்ற பெடியனைப் பார்த்தார். சிறைக்குப் போனாலும் அவளுடைய பெயரைச் சொல்லமாட்டேன் என்று நின்றவன்.

எழுந்தார். வெளியே நடந்தார். காலடிச் சத்தம் சாப்பாட்டு அறையைத் தாண்டியது... முன் ஹோலை அடைந்தது... நின்றது.

ட்ரிங்... ட்ரிங்... ட்ரி...

மௌனம்.

பின்னறைப் பெட்டியின் தலையில் நீலம் அணைந்தது.

சிவப்பு!

இரத்தினசபாபதி கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"தம்பி, உன்ர பெட்டி சரியில்லை. லைன் நிண்டுபோச்சு."

"ஐயா... அது வயர..."

"வயரும் சரியில்லை. நாளைக்கு வந்து பார். வரேக்கை உன்ர தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வா." தொண்டையைச் செருமினார். "இது ஒரு ஆள் தனியப் பாக்கிற வேலை இல்லை."

பிரஷாந்தினி அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். கிருஷாந்துக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவனும் போன வருஷத்துக் கலண்டரைப் படிக்கத் தொடங்கினான்.

நாகேஸ்வரி கல்லை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"மோதிரத்துக்கு இதே போதும்."

"கேஸ் முடிஞ்சி," ஜவ்பர் குடையை விரித்தார். "குற்றவாளி ரெண்டு பேர், வயர் ஒன்டு. அது சரி தம்பி, பொண்ணுட மோதிரத்துல என்ன நிறக் கல்லுன்டு ஊருக்குச் சொல்லுறது?"

கிருஷாந்த் பெட்டியைப் பார்த்தான். பிரஷாந்தினியைப் பார்த்தான்.

"கனெக்‌ஷன் இருந்தா நீலம்னு சொல்லுங்க, மஹத்தயா... மாமா வயரப் புடுங்குனா சிவப்பு!"