ஐம்பத்திரண்டு லட்சம் எழுத்து

கோப்பாய் பஸ் தரிப்பிடத்தில் ஐந்து பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். ஆரபியின் கைத்தொலைபேசி அடித்தது. அவள் வேலை செய்யும் கால்நடை ஆய்வுகூடத்திலிருந்து றஜனி.

"மூக்காலை ரத்தம் வந்து செத்த மாடெல்லே... முதல் சோதனையிலை அந்திராக்ஸ் எண்டு காட்டுது. படிவத்திலை தமிழிலை என்னெண்டு எழுத?"

"அடைப்பான்!" மழை இரைச்சலில் ஆரபி கத்தித்தான் சொன்னாள். "கோப்பாய் மாடு... அடைப்பான்!"

எல்லோரும் திரும்பினார்கள். நனைந்த சட்டையோடு பால் கானைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மட்டும் கண்ணை எடுக்கவில்லை. சிவந்த, தூங்காத கண்கள்... அழகான கண்கள்தான். அந்த நேரத்தில் அதைக் கவனித்ததற்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அது என்ரை மாடு," என்றான். "எனக்குச் சொல்ல முதல் ஊருக்கே சொல்லியாச்சு. நல்லது மிஸ்."

அவனுடைய பக்கத்து வீட்டுக் கமலாவதி அக்கா குடையை விரித்து மழைக்குள்ளேயே நடந்தாள். செய்தி பஸ்ஸுக்காகக் காத்திருக்கவில்லை.

அன்று மாலை அந்த மாட்டுக்காரன் கஜானனிடம் ஒருவரும் பால் வாங்கவில்லை. மிச்சமிருந்த ஏழு மாடுகளின் பாலையும் கறந்து குழியில் ஊற்றினான்.

அடுத்த நாள் காலை, ஆய்வுகூட வாசலில் அவன் சைக்கிளோடு நின்றான்.

"றிசல்ற் வந்திட்டுதோ?"

"முதல் சோதனை கிருமியின்ரை மரபணுவிலை ஒரு துண்டைத்தான் பாக்கும். மண்ணிலை கிடக்கிற சொந்தக்காரக் கிருமியளிலையும் அந்தத் துண்டு சிலவேளை இருக்கும். முழுசா ஒப்பிட்டுத்தான் சொல்லலாம்."

"இதையும் மழைக்கை கத்தியிருக்கலாமே?"

சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்... கௌரவம் விடவில்லை.

"ஒரு கிருமியின்ரை மரபணுவெல்லாம் சேந்து ஐம்பத்திரண்டு லட்சம் எழுத்து. பொறுங்கோ."

"எழுத்துக்கூட்டியே வாசிக்கிறியள்? என்னையும் உள்ளுக்கை விடுங்கோ, பாதியை நான் வாசிக்கிறன்."

சிரிக்கக்கூடாது என்று நினைத்தாள். சிரித்துவிட்டாள்.

இரண்டாம் நாளும் வந்தான். மூன்றாம் நாளும். ஒன்பது மணியானால் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யன்னல், கதிரை, திரும்பவும் யன்னல்...

மூன்றாம் நாள் மதியம் கணினியில் வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. நஞ்சு செய்யும் மரபணுக்கள் இல்லை. உறை செய்யும் மரபணுக்களும் இல்லை. அடைப்பான் கிருமியில் ஒரு மரபணு, ஒரேயோர் எழுத்து மாறியதால் பாதியில் நின்றுவிடும். இதில் அந்த எழுத்து மாறவில்லை. செத்த மாட்டில் மண்ணிலிருந்து ஏறிய வேறு கிருமி. அவ்வளவுதான்.

அடைப்பான் இல்லை. இனி அவன் வரமாட்டான்... முதலில் வந்த நினைப்பு அதுதான். வெட்கமாக இருந்தது.

"கடிதம் போட்டாப் போதும்," என்றார் ஆய்வுகூடப் பொறுப்பாளர் லெனாட். "நீர் போய்ப் பிழையெண்டு சொல்லத் தேவையில்லை. எங்களுக்கெல்லே மரியாதை கெடும்."

அவள் போனாள். மறுநாள் காலை, பால் சேர்க்கும் இடத்தில் ஊரே வரிசையில் நின்றது. கஜானன் நிரம்பிய கானோடு தள்ளி நின்றான். இன்றைக்காவது எடுப்பார்களா என்று பார்க்க வந்திருந்தான்.

"பஸ் தரிப்பிலை நான் கத்தினது பிழை," என்றாள் ஆரபி. "முழுச் சோதனை முடிய முதல் சொல்லியிருக்கக்கூடாது. இவரின்ரை மாட்டுக்கு அடைப்பான் இல்லை."

"அப்ப நான் சும்மாவே ஊரெல்லாம் நனைஞ்சனான்?" என்றாள் கமலாவதி அக்கா.

வரிசை சிரித்தது. பால் அளப்பவர் கையை நீட்டிக் கஜானனின் கானை வாங்கினார்.

ஆரபி திரும்பி நடந்தாள். தூறல் விழுந்தது. அவன் ஓடிவந்தான்.

"கடிதத்திலை அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பியாச்சு."

"பிறகேன் வந்தனீங்கள்?"

அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். அவை இன்னும் தூங்கவில்லை...

"இனி நீங்கள் வாசலுக்கு வரமாட்டியள். அதை எனக்குத் தாங்க ஏலாமல் கிடக்கு. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... போதுமே?"

அவனுடைய காது மடல் சிவந்தது.

"முதல் நாள் மட்டுந்தான் நான் மாட்டுக்காக வந்தனான்," என்றான்.