மறுமுனையைப் பிடித்தவர்

அன்று ஆய்வுக்கூடத்துக் குளிரறைப் பக்கம் இருந்தவர்கள் நான்கே பேர். பனித்தண்டு அறுக்கும் பெண். கூடத்தில் எல்லோரும் அவளை ‘இடக்கை’ என்றுதான் கூப்பிடுவார்கள். கூடத்தை மேற்பார்வை பார்க்கும் அக்கா. பனியில் அடைபட்ட காற்றுக் குமிழிகளை அளக்கும் வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த குமிழிக்காரர். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே, நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த ‘இடக்கை’யின் அப்பா. ஐந்தாவதாக ஓர் ஆள் கிடையாது. பிறகு இதைப் பற்றிப் பேசியவர்கள் அத்தனை பேரும் காதில் விழுந்ததை வைத்துப் பேசியவர்களே.

ஆனால் கதை தொடங்கியது அதற்கு முன்பு... காலை மழையில்.

ஆய்வுக்கூட வாசலில் காற்று ‘இடக்கை’யின் குடையைப் பிடுங்கி மேல்நோக்கி மலர்த்திவிட்டது. அவள் கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“தலைகீழா இருக்கு...” என்றது பின்னால் ஒரு குரல்.

“எனக்குக் கண்ணு இருக்கு.”

“இல்ல... மழைத்தண்ணி பிடிக்கிறீங்களோன்னு நினைச்சேன்.”

திட்டுவதற்காகத்தான் திரும்பினாள். திட்டு நாக்கிலேயே நின்றுவிட்டது. இமை நுனியில் ஒரு மழைத்துளி தொங்க, அதைத் துடைக்கவும் தோன்றாமல் சிரித்துக்கொண்டிருந்தன இரண்டு கண்கள்... அவன் குடையை வாங்கி, ஒரே உதறலில் சரியாக்கி, அவள் தலைக்கு மேல் பிடித்து, கைப்பிடியை அவளிடம் கொடுத்தான். மழையில் ஓடி மறைந்தான். நன்றி சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர்கள் வீட்டில் யாருக்குமே அந்தச் சொல் சட்டென்று வராது. தலைமுறை தலைமுறையாகத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் சொல் அது.

அப்பா துருவப் பனியில் பல பருவங்கள் துளையிட்டவர். அங்கே விழுந்த பனி உருகுவதில்லை. ஒரு வருடத்துப் பனிமேல் மறு வருடத்துப் பனி அமர்ந்து, இறுகி, அந்தந்தக் காலத்துக் காற்றையும் தூசியையும் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. அதை நீளத் தண்டாகத் துளைத்தெடுத்தால் மேலே நேற்று, அடியில் ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வானம். எந்தக் காலம் சுட்டது, எது குளிர்ந்தது, எங்கே எரிமலை குமுறியது... எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். வரிசைதான் அதன் உயிர்.

அந்த வரிசையில்தான் பழி வந்தது. குமிழிக்காரர் வேலை பார்க்கும் கூடம் அப்பாவின் பனியில் அடைபட்ட காற்றுக் குமிழிகளை அளந்துவிட்டு, ‘ஒரு துண்டில் காலம் பின்னோக்கி ஓடுகிறது, துளையிட்டவர்கள் தலைமாற்றி வைத்திருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டது. ஒரு துண்டில் சந்தேகம் வந்தால் மற்றவற்றை யார் நம்புவார்கள்? அப்பா பதில் எழுதவில்லை. கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க எவருக்கும் துணிவில்லை. இன்று அந்தத் துண்டை இரு தரப்பு முன்னிலையிலும் பார்ப்பதென்று ஏற்பாடு. அப்பாவின் பெயர் நிற்குமா, விழுமா என்று தெரிந்துவிடும்.

குளிரறையில் முகமூடி, தொப்பி, தடித்த அங்கி. மனிதர்களில் மிஞ்சுவது கண்கள் மட்டும்தான். எதிரே வந்து நின்ற குமிழிக்காரரை முறைக்கலாம் என்று நிமிர்ந்தாள்...

அதே கண்கள்.

“குடை...” என்றான் அவன்.

“நீங்கதானா அந்த ஒரு வரி?” அவள் குரல் அறையைவிடக் குளிர்ந்திருந்தது.

“ஏன்டி, வந்தவரை இப்படியா வரவேற்பாங்க?” என்றாள் அக்கா. “தம்பி, தும்மல் கிம்மல் வந்தா சொல்லிட்டு வெளிய ஓடிடுங்க. போன தடவை ஒருத்தர் தும்மினதுல ஒரு நூற்றாண்டே போச்சு.”

“மூச்சையே அளந்துதான் விடுறேன்க்கா” என்றான் அவன். முகமூடிக்குள் இவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். பழி போட்டவனிடம் என்ன சிரிப்பு?

மேசைக்கு அடியிலிருந்து விளக்கு எரிந்தது. பனிக்குள் அடுக்கடுக்காகப் பட்டைகள் தெரிந்தன. நடுவில் ஓர் எரிமலைச் சாம்பல் கோடு. சாம்பலில் கனமான துகள் முதலில் விழும். அதனால் அடியோரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். மென்துகள் மெதுவாக இறங்கும். மேலோரம் புகைபோலக் கலையும். இந்தத் துண்டில் வெட்டிய ஓரம் ‘மேல்’ என்று குறித்த பக்கம் இருந்தது.

“தலைகீழாத்தான் இருக்கு...” இம்முறை அதைச் சொன்னவள் அவள்.

சன்னலுக்கு வெளியே அப்பா அசையவில்லை.

அவள் துண்டின் முனைகளைத் தடவிப் பார்த்தாள். துளைக்கருவியின் பல் எப்போதும் தண்டின் அடிமுனையைத்தான் கவ்வும். அந்தக் கடித் தடம் ‘மேல்’ என்று குறித்த முனையில் இருந்தது. அப்படியானால் குறிதான் தவறு. குறி பனியில் இல்லை, மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அந்த அம்புக்குறியைப் பார்த்தாள். வால் நீண்டு, இடக்கையால் இழுத்த சாய்வோடு...

உலகத்தில் அப்படி அம்பு போடுகிறவள் ஒருத்திதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் உறை கிழிந்திருந்தது, மாற்றினாள். துண்டின் மேல்முனை இடப்பக்கம் இருக்கவேண்டும் என்பது கூடத்து வழக்கம். இடக்கையால் அறுக்க வாகாக அவள் மேசைக்கு மறுபக்கம் நின்றிருந்தாள். அவளுக்கு இடம், மற்றவர்களுக்கு வலம். தன் இடப்பக்கத்து முனையையே ‘மேல்’ என்று குறித்துவிட்டாள்.

“என்னாச்சு?” குமிழிக்காரன் தாழ்ந்த குரலில் கேட்டான். அவள் கண்கள் நனைந்ததை அவன் பார்த்துவிட்டான். சொன்னாள். அவன் சன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினான்.

“கூடத்துல நடந்த தவறுன்னு எழுதிடலாம். யார்னு வேண்டாம்... அப்பா பேரும் தப்பிச்சிடும், உங்க பேரும் தப்பிச்சிடும்.”

எவ்வளவு மென்மையாகச் சொன்னான்! அதற்காகவே அவனைப் பிடித்துப்போனது. அதற்காகவே அதை ஏற்கவும் முடியவில்லை.

“கூடம்னா அக்கா தலையில விடியும். வேண்டாம். தப்பு என்னுது, பேரும் என்னுதாவே இருக்கட்டும். நீங்க அந்த முனையைப் பிடிங்க.”

இருவருமாகத் தூக்கினார்கள். பனியை மெல்லத் திருப்பி, தலை இருக்கவேண்டிய பக்கம் தலையை வைத்தார்கள். கையுறைக்கு மேல் கையுறை ஒரு கணம் பட்டது. அந்தக் குளிரிலும் அவள் காது மடல் சுட்டது.

பிறகு அவள் சுவரிலிருந்த ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

“அப்பா... நீங்க சரியாத்தான் அனுப்பியிருக்கீங்க. உறை மாத்தும்போது நான்தான் அம்பைத் திருப்பிப் போட்டுட்டேன்.”

அப்பா எழுந்து நின்றார். “மத்ததெல்லாம்?”

“அன்னைக்கு மாத்தினது இது ஒண்ணுதாம்ப்பா.”

“ஆமாங்கய்யா” என்றாள் அக்கா. “மறுநாளே நான்தான் திட்டி இந்தப் பக்கம் நிக்க வெச்சேன்.”

ஒலிபெருக்கியில் இரைச்சல். அப்புறம், தொண்டையைச் செருமும் சத்தம். “நன்றிம்மா.”

அப்பா வாயால் அவள் பிறந்ததிலிருந்து கேட்காத சொல்.

வெளியே வந்ததும் குமிழிக்காரன் முகமூடியைக் கழற்றிவிட்டு அப்பா முன் நின்றான். “ஐயா, அந்த வரி நான் எழுதினது. உங்களைக் கேட்காம எழுதிட்டேன். மன்னிச்சுக்கணும்.”

“கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார் அப்பா. “ஆனா இன்னைக்கு நேர்ல வந்தீங்க. அதுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்.” மழை விட்டதா பார்க்கிறேன் என்று வாசலுக்குப் போனார். கண்ணாடிக் கதவிலேயே மழை தெரிந்தது. அக்காவுக்கும் திடீரென்று ஒரு வேலை நினைவுக்கு வந்தது.

“காலைல ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்...” என்றாள் அவள். “நன்றி. குடைக்கு. அப்புறம்... அந்த முனையைப் பிடிச்சதுக்கும்.”

“உங்க பனி நேராயிடுச்சு. நான்தான் காலைலேர்ந்து தலைகீழா இருக்கேன்...”

“யார் திருப்பி வைக்கிறதாம்?”

“ஒருத்தரால தூக்க முடியாதே. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேணும்... வருவீங்களா?”

அவள் கண்ணை உயர்த்தவில்லை. “பிடிச்சா... விடமாட்டேன். எங்க வீட்டு வழக்கம் அது” என்றாள்.

வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “மழை விடல. குடையை எடுத்துட்டு வாங்க, ரெண்டு பேரும்.”

குமிழிக்காரர் அந்தப் பழியைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு பெண்ணைக் காப்பாற்றினார், அந்த நன்றிக்காகத்தான் அவருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று இன்றும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பொய். தவறு செய்தவள் அந்த வீட்டுப் பெண். சொன்னவளும் அவளே. திருத்திய அறிக்கையில் இருப்பதும் அவள் பெயர்தான். அவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.