கண்ணபிரானின் கடைசிச் சாப்பாடு

"எம் புருசனைத் தூக்குல போடப் போறாங்கம்மா...!"

அலறல் வாசலிலிருந்து வந்தது.

திருப்பதி. 1959. பாஷ்யம் அய்யங்கார் வீட்டுக் கூடத்தில் துக்கம் கேட்க வந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த வஸுமதியும் பார்த்தாள். அவள் கணவர் கண்ணபிரானின் காரியங்கள் அன்று காலையில்தான் முடிந்திருந்தன.

கண்ணபிரான் சுரங்கக் கம்பெனியில் ஜியாலஜிஸ்ட். குடுபல்லிப் பக்கம் தங்கம் இருக்கிறதா என்று பார்க்கப் போனவர், ஏரிக்கரையில் மார்பில் ரவை பாய்ந்து கிடந்தார்.

அவருடைய துப்பாக்கி. அவருக்கே...!

அலறியவள் செல்லியம்மா. கம்பெனி ஜீப் டிரைவர் பழனியின் மனைவி. துப்பாக்கி அவன் ஜீப்பில் கிடைத்ததால் பழனி இப்போது லாக்கப்பில் இருந்தான்.

அவள் அலறுவதற்கு முன்பு வரை, கூடத்தில் கண்ணபிரானைப் பற்றித்தான் பேசிக் கொண்டிருந்தார்கள். நடுநடுவே எல்லை மாற்றத்தில் திருத்தணி மெட்ராசுக்குப் போவதையும் சத்தியவேடு ஆந்திராவுக்கு வருவதையும் பேசிவிட்டு, மறுபடி கண்ணபிரானுக்குத் திரும்பினார்கள்.

பரம சாது என்றார் ஒருவர். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவன் என்றார் இன்னொருவர்.

வஸுமதிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக் கொண்டாள்.

ஈ எறும்பு தப்பித்தது உண்மை. ஆனால் சித்தூர் ஜில்லாவில் அவர் குறி பார்க்காத கௌதாரி இல்லை... அவர் தூண்டில் போடாத ஏரியும் இல்லை!

துப்பாக்கி எதற்கு என்று கேட்ட தன் அண்ணா பாஷ்யத்திடம், காட்டில் கரடி வரும் என்றிருந்தார். தூண்டில் கழியைக் காட்டி, பாறையின் ஆழம் பார்க்கும் கருவி என்றிருந்தார்.

அண்ணாவும் தலையை ஆட்டி நம்பினார். பாவம்.

கூடத்தில் இன்ஸ்பெக்டர் சின்னப்பன் எழுந்து நின்றார். பாஷ்யத்திடம் வாக்குமூலம் வாங்க வந்தவர் அவர்.

"இங்க வந்து கத்தி என்ன பிரயோஜனம்மா? உன் புருசன் வாயைத் தொறந்தாலே பொய்யி. ஐயாவும் அவனும் ஏரிக்கரையில மீன் வறுத்து சாப்ட்டாங்களாம். சாப்ட்டு இவன் ஜீப்புல தூங்கிட்டானாம். வெடிச் சத்தம் கேட்டுச்சாம், ஐயா கொக்கு சுட்டார்னு நெனச்சானாம்."

"அதான் சார் நெசம்..."

"திருப்பதி அய்யங்கார் மீன் துன்னாருன்னு கோர்ட்டுல சொன்னா, ஜட்ஜு சிரிப்பாரு."

கூடத்தில் முக்கால்வாசிப் பேர் காதைப் பொத்திக் கொண்டார்கள். பாஷ்யத்தின் மனைவி ஸத்யபாமா, வெங்காயத்தைக் கூட வாசற்படி ஏற்றாதவள், "பெருமாளே" என்று சுவரில் சாய்ந்தாள்.

சம்பத் தொண்டையைச் செருமினான்.

பட்டு ஜிப்பா. விரலில் மோதிரம். குடுபல்லித் தங்க மலையைக் குத்தகைக்கு எடுத்தவன். தங்கம் இருக்கிறதென்று கண்ணபிரான் ஒரு கையெழுத்துப் போட்டால் அந்தக் குத்தகையைக் கம்பெனிக்குப் பெரிய விலைக்கு விற்கலாம் என்று காத்திருந்தவன்.

அன்று மத்தியானம் ஐயா தன்னோடுதான் பங்களாவில் சாப்பிட்டார் என்று அவன் உருக்கமாகச் சொன்னான். தயிர்சாதமும் மாவடுவும். ஆச்சாரம் தவறாத மனிதர். சாப்பிட்டுவிட்டுப் பழனியோடு ஏரிக்குப் போனவரை அப்புறம் பிணமாகத்தான் பார்த்தானாம்.

பாஷ்யம் கண்ணை மூடியபடி தலையசைத்தார்.

"எங்காத்துல யாரும் அந்த வஸ்துவைக் கண்ணாலயும் பார்த்ததில்லை. எழுதிக்கோங்கோ."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

செல்லியம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது அவள் அலறவில்லை. அதுதான் வஸுமதியை என்னவோ செய்தது.

வாயைத் திறந்தால் குடும்ப மானம் போகும். அண்ணா முகத்தில் விழிக்க முடியாது. இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடமும் கிடையாது.

வாயைத் திறக்காவிட்டால்... பழனியின் உயிர் போகும்.

வஸுமதி கதவைத் தள்ளிக் கொண்டு வெளியே வந்தாள்.

"எழுதாதீங்கோ."

பேனா நின்றது.

"அவர் மீன் சாப்பிடுவார்."

அந்தக் கூடத்தில் வெடிகுண்டு விழுந்திருந்தால்கூட இரண்டு பேர் இருமியிருப்பார்கள். இப்போது ஒருவரும் இருமவில்லை.

"வஸுமதி!" பாஷ்யம் பல்லைக் கடித்தார். "உள்ள போ."

"போறேன் அண்ணா. சொல்லிட்டுப் போறேன். கேம்ப்புல இருந்தப்போ எத்தனையோ தடவை என் கண்ணெதிரே சாப்ட்டிருக்கார். கர்மம், கர்மம்னு நான் தலையில அடிச்சுப்பேன். நீ மூக்கைப் பொத்திக்கோ, நான் வாயைத் திறந்துக்கறேன்பார்." அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "ஊரே திட்டினாலும் பரவாயில்ல. அவர் அப்படித்தான். எனக்கு அவரை அப்படியே பிடிச்சிருந்தது."

இன்ஸ்பெக்டர் மெல்ல சம்பத் பக்கம் திரும்பினார்.

வஸுமதி நிறுத்தவில்லை. போன மாதம் கணவர் சிரித்துச் சிரித்துச் சொன்னதையும் சொன்னாள். சம்பத்தின் மலையில் தங்கம் பாறைக்குள்ளே ஓடவில்லையாம். மேலாக, ரவை பட்ட மாதிரி சிதறிக் கிடந்ததாம். யாரோ தோட்டாவில் தங்கப் பொடியை அடைத்துப் பாறையைச் சுட்டிருக்கிறார்கள். பாறை படித்தவன் ஏமாந்தாலும் வேட்டைக்காரன் ஏமாற மாட்டான் என்றாராம். அப்போது அவளுக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

"அந்த மலையை விற்க விடமாட்டேன்னு சொல்லிண்டிருந்தார். அவரோட சாப்ட்டதா இவர் ஏன் பொய் சொல்லணும்? கேளுங்கோ."

சம்பத்தின் நெற்றியில் வியர்வை. ஆனால் சிரித்தான்.

"புருசன் போன துக்கம்... ஏதோ பேசுறாங்க. அவங்க சொன்னா ஆச்சா? அன்னிக்கு அவர் என்ன சாப்ட்டாருன்னு யார் கண்டது?"

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டரின் முகம் தொங்கிப் போனது.

அப்போது பாஷ்யத்தின் உடம்பு குலுங்கியது. பார்த்தால், அழுது கொண்டிருந்தார்.

"நான் கண்டேன்."

"சாமி...?"

"அறுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டார். வயித்துல மீன் இருக்குன்னார். முள்ளை எடுத்துக் காட்டினார். குடும்பப் பேர் போயிடும், எழுதாதேள்னு அவர் காலைப் பிடிச்சேன். பெரிய மனசு பண்ணி விட்டுட்டார்." பாஷ்யம் செல்லியம்மாவை நோக்கிக் கை கூப்பினார். "ஒரு உசிர் அதுல தொங்கறதுன்னு தெரிஞ்சும் வாயை மூடிண்டிருந்தேன். பாவிம்மா நான்."

சின்னப்பன் நிமிர்ந்தார்.

"அழுகையெல்லாம் அப்புறம் சாமி. என்ன மீனுன்னு டாக்டர் சொன்னாரா? பழனி எங்கிட்ட ஒரு மீன் பேரைச் சொல்லியிருக்கான். அவனையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. ஒத்துப் போச்சுன்னா அவன் பொழச்சான்."

"கெண்டைன்னார் டாக்டர்."

இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இல்ல சாமி. பழனி சொன்னது வேற."

செல்லியம்மா முகத்தை மூடிக் கொண்டாள். சம்பத் மோதிரத்தைத் திருகியபடி எழுந்தான். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றான்.

பாஷ்யம் நெளிந்தார். பூணூலை இழுத்துவிட்டுக் கொண்டார். தூணைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். செல்லியம்மாவைப் பார்த்தார்.

"அந்த டாக்டர் ஒரு அசடு!" என்று வெடித்தார். "கெண்டைன்னா முள் பொடிப்பொடியா, கவை கவையா இருக்கும். நான் பார்த்தது ஒத்தை முள்... கனமா, நீளமா. அது விரால் ஓய், விரால்!"

"விரால்தான்." சின்னப்பன் தொப்பியை மாட்டிக் கொண்டார். "பழனி சொன்னதும் அதான்."

சம்பத் வாசலைத் தாண்டவில்லை. வெளியே நின்றிருந்த கான்ஸ்டபிள், ஜிப்பாவின் காலரைப் பிடித்து உள்ளே தள்ளினார். கொஞ்ச நேரத்தில் சம்பத் எல்லாவற்றையும் கக்கினான். ஜீப்பில் பழனி குறட்டை விட்டுக் கொண்டிருந்தபோது துப்பாக்கியை எடுத்ததையும், சுட்ட பின் திரும்ப வைத்ததையும் சொன்னான்.

செல்லியம்மா ஓடி வந்து வஸுமதியைக் கட்டிக் கொண்டாள். மடி, ஆச்சாரம் எதுவும் அங்கே யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஸத்யபாமாவுக்கு மட்டும் வேறொன்று ஞாபகம் வந்தது. அவள் கணவரின் அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஏன்னா... முள்ளைப் பார்த்து விரால்னு சொல்ல உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பாஷ்யம் அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

"அவனுக்குத் தூண்டில் போடக் கத்துக் கொடுத்தது யாருன்னு நெனச்சே?"