கழித்த பின் மிஞ்சியது

பாட்டின் முதல் தந்தி அதிர்வதற்கு முன்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பழைய பதிப்பில் அது இல்லை.

பாட்டு கேட்கும் மென்பொருளைப் புதுப்பித்ததிலிருந்து அவளுக்கு இந்த உறுத்தல். மாலை வகுப்பில் சொன்னபோது ஒலிப்பதிவு ஆசிரியர் சிரிக்கக்கூட இல்லை.

"ரெண்டுக்கும் ஒலியில வித்தியாசமே கிடையாது. இல்லாததைக் கேக்குற காது இந்தத் தொழிலுக்கு ஆகாதும்மா. நாளைக்கு நிரூபிச்சுக் காட்டு. முடியலேன்னா தையல் வகுப்புல சேந்துக்க."

பின்வரிசை அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர் வைத்தது.

அவள் ஒண்டியிருக்கும் அக்கா வீட்டில் அதற்கும் மேல். மாடியறைக்கு மரப்படிகளில் ஏறும்போது மாமா செய்தித்தாளை இறக்காமலே கேட்டார்: "எங்க வீட்டு எலி என்ன பேசிக்குதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்."

"மேலேருந்து சின்னச் சத்தம் வந்தாலும் எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சிடுவேன்" என்றாள் அக்கா.

அவளுக்கே தன் காதின்மேல் சந்தேகம்தான். அதனால்தான் முறையாகச் சோதித்தாள். ஒரே பாட்டை இரண்டு பதிப்பிலும் ஓடவிட்டுப் பதிந்து, ஒரு பதிவின் அலையைத் தலைகீழாகத் திருப்பி மற்றதன்மேல் வைத்தாள். ஏற்றத்தின்மேல் இறக்கம் விழும். ஒத்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். வித்தியாசம் இருந்தால் அது மட்டும் மிஞ்சும்.

வெளியே மழையோடு இருட்டிக்கொண்டு வர, காயாத துணியின் வாடையும் சூடேறிய கணினியின் பிளாஸ்டிக் வாடையும் கலந்து தொண்டையில் இறங்க, மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் எதையோ தட்டிவிட்டுத் திரும்புவதுபோல் முனகிக்கொண்டிருக்க, அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

பாட்டு அடியோடு மறைந்தது. மூச்சு மட்டும் மிஞ்சியது.

ஈரமான, அவசரமில்லாத மூச்சு. பிறகு மரப்படிகள் ஒவ்வொன்றாக நெரியும் சத்தம். பிறகு ஒரு தாழ்ப்பாள், இரண்டு முறை சிக்கித் திறந்தது. அவள் அறையின் தாழ்ப்பாள் அப்படித்தான் சிக்கும்.

பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவள் அப்போதுதான் முன்னால் சாய்ந்திருந்தாள்.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் போட்டாள். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

மழை கேட்டது. விசிறி கேட்டது. கீழே அக்கா பாத்திரம் கழுவுவது கேட்டது. மேசையைத் தட்டினாள். ஒன்றுமில்லை. காலைத் தரையில் தேய்த்தாள். ஒன்றுமில்லை. நெஞ்சு ஏறி இறங்கியது. மூச்சுச் சத்தம் இல்லை.

பின்கழுத்தில் சூடு. அவள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் அங்கே ஏதோ ஒன்று மூச்சை விட்டது. விடும்போதெல்லாம் இழுத்தது.

திரும்பவில்லை. முடியவில்லை.

திரை அணைந்து கறுத்தது. அந்தக் கறுப்பில் அவள் முகம் தெரிந்தது. அதன் மேலே இன்னொன்று. அதுவும் அவள் முகம்தான். கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கியது.

"அக்கா" என்று கத்தினாள்.

அந்த வாயும் திறந்தது. அதே கணம். அதே அளவு.

கீழே மாமாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "என்ன, மேல ஒரு சத்தத்தையும் காணோம்?"

"இன்னிக்குத்தான் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கா."

அவள் கத்திக்கொண்டே இருந்தாள். கறுத்த திரையில் இரண்டு வாய்கள், ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக, விரிந்துகொண்டே போயின. மேலிருந்தது மெல்ல இறங்கி வந்து கீழிருந்ததன்மேல் பொருந்தியது.