கீழே இருக்கும் கை

"கண்ண மூடு சிங்காரம். கை எங்க இருக்கு, சொல்லு."

"கீழ. தண்ணியில."

"ஒம் மடியில வெச்சிருக்கேன்டா. என்னா தண்ணி?"

கண்ணைத் திறந்தால் வலது கை மடியில்தான் இருந்தது. எலும்புக்கட்டு போடும் சுப்பராயலு அப்போதுதான் அந்தத் தோளைக் குழிக்குள் தள்ளியிருந்தார். சிதம்பரத்தில் அவருடைய அந்த அறையெங்கும் கட்டுக்குத் தடவும் முட்டை வெள்ளைக்கருவின் வாடை.

"பதினஞ்சு நாள் விலகிக் கெடந்த தோளு. கைக்கு இடம் மறந்துபோச்சு. போகப் போக சரியாயிடும்."

கடலூர் பஸ்ஸில் நல்ல வெயில். டீசல் புகைக்கும் கருவாட்டுக் கூடைக்கும் நடுவே இமை சொருகும்போதெல்லாம் கை மெல்ல நீண்டு, முழங்கை, மணிக்கட்டு, விரல் என ஒவ்வொன்றாகக் குளிரில் இறங்க, கடைசியில் கலங்கலுக்குள் இன்னொரு கை அதைப் பிடித்துக்கொண்டது. காய்த்துப்போன உள்ளங்கை. தம்பி பழனிவேலுடையது. ஐப்பசிப் புயலில் கட்டுமரம் கவிழ்ந்தபோது பிடித்த பிடி.

வீட்டு வாசலில் தம்பி மனைவி தனம் வலைச் சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கருமாதியாம் மாமா. ஊருக்கு சோறு திங்க அவசரம். நீந்தி வரேன்னு அவரே தான கைய உட்டாரு?"

"ஆமா." பதினைந்து நாளாகச் சொல்லும் பதில்.

"அப்ப பரங்கிப்பேட்ட பக்கம் ஒதுங்கியிருப்பாரு. நான் தாலிய எறக்க மாட்டேன்."

அவனால் தாங்க முடியவில்லை. "கண்ண மூடுனா அவன் கை தெரியுது தனம்."

வலை கீழே விழுந்தது. கணவனின் அண்ணனை அவள் அதுவரை தொட்டதில்லை. இப்போது அவன் வலது கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"மூடுங்க மாமா. எங்க இருக்காருன்னு பாருங்க."

மூடினான்.

குளிர். உப்பு. அந்தப் பிடி. தோள் கிழிகிற வலி. சுண்டுவிரல் பிரிந்தது. அடுத்தது.

"ஏன் மாமா என் வெரலப் பிரிக்கிறீங்க?"

கண் திறக்க வரவில்லை. நடுவிரல். ஆள்காட்டி.

"மாமா." தனத்தின் குரல் தணிந்துபோயிருந்தது. "இப்பிடித்தான் உட்டீங்களா?"

கட்டைவிரலும் பிரிந்தது. அவள் கைகள் விலகின.

கீழே அந்தப் பிடி மட்டும் விடவில்லை. மணிக்கட்டைத் தாண்டியது. முழங்கையைப் பற்றியது. இன்னொரு கையும் சேர்ந்துகொண்டது. மாற்றி மாற்றி, அவசரமில்லாமல், அவன் கையையே கயிறாகப் பிடித்து, மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.