பூட்டிய லிஃப்டின் எடை

பூங்கோதை அந்தக் கட்டடத்துக்கு வந்து ஏழு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அதில் ஆறு மணி நேரத்தை ஒரே ஒரு கோப்பு விழுங்கியிருந்தது.

டெல்லி துவாரகாவில் ஒரு பதினான்கு மாடிக் குடியிருப்பு. அதன் அடித்தளத்தில், லிஃப்ட் கதவுகளுக்கு எதிரே, ஜன்னல் இல்லாத ஒரு பராமரிப்பு அறை. கிரீஸ் நாற்றம். ஜூன் மாதப் புழுக்கம். மூன்று லிஃப்டுகளின் பதிவுகளும் எக்செல் கோப்புகளாக இருந்தன. மணிக்கு ஒரு வரி: நேரம், தளம், உள்ளே இருக்கும் எடை. நிரல் எழுதி அவற்றை ஜேசன் என்ற கணினி வடிவத்துக்கு மாற்றி, ஐந்து மணிக்குள் கம்பெனியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றினால், பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் மூன்றாவது லிஃப்டை நாளை காலை திறந்துவிடுவார்கள். ஏற்றாவிட்டால் அவளுடைய தற்காலிக வேலை இன்றோடு சரி.

முதல் இரண்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. பூட்டிய லிஃப்டில் எடை பூஜ்யமாக இருக்க வேண்டும் என்றது இணையதளம். கோப்பிலோ வரிக்கு வரி நாற்பத்தொன்பது கிலோ.

"சென்சார் கோளாறும்மா," என்றார் மெக்கானிக் சிவஞானம். காலையிலிருந்து ஒரு தடவைகூட அவர் மூன்றாவது லிஃப்டின் கதவுக்கு முதுகு காட்டி உட்காரவில்லை. "நாப்பத்தொம்பதக் கழிச்சுட்டுப் போட்டு விடு. நானும் எத்தனையோ தடவ ஜீரோ பண்ணிட்டேன். மறுநாளே ஏறிக்குது."

கழித்தாள். ஓட்டினாள்.

நாற்பத்தொன்பது.

நிரலை மறுபடி படித்தாள். பிழை இல்லை. இரண்டாவது லிஃப்டின் கோப்பில் நிரலின் அதே வரி ஒழுங்காகக் கழித்தது. எரிச்சலில் எடைகளையெல்லாம் அழித்துவிட்டு, தானே பூஜ்யத்தை நிரப்பி மாற்றினாள்.

நாற்பத்தொன்பது.

போன் அடித்தது. மேலாளர் அனிருத்.

"அரே, இன்னும் முடியலியா? எம்எஸ்சி ஃபிசிக்ஸ்னு சொன்ன, கழித்தல்கூட வராதா? ஜல்தி, சீக்கிரம் பண்ணு!"

"சரி சார்," என்றாள். வேறென்ன சொல்வது?

கோபத்தோடு கோப்பின் தொடக்கத்துக்குப் போனாள். இந்தக் கோளாறு எங்கிருந்து வந்து தொலைத்தது?

பல வருடம் முந்தைய ஒரு ஜூன் மாதம். லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவே நின்றிருந்தது. எடை ஐம்பத்து மூன்று புள்ளி இரண்டு. அடுத்த மணியில் கொஞ்சம் குறைவு. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம்.

அறுபத்தோரு வரிகள். நாற்பத்தொன்பதில் வந்து நின்றது. பிறகு மாறவே இல்லை.

மதியங்களில் வேகமாகக் குறைந்திருந்தது. விடியற்காலைகளில் மெதுவாக.

கோளாறுக்குப் பகல் இரவு தெரியாதே.

கதவிடுக்கிலிருந்து வியர்வை வாடை வந்தது.

மூன்றாவது வரியின் ஓரத்தில் ஒரு குறிப்பு: 'கேபின் காலி. எடை கழிக்கப்பட்டது. சிவஞானம்.'

"அண்ணே..." அவள் திரையைச் சுட்டினாள். "இந்த அறுபத்தோரு மணி நேரம் என்ன ஆச்சு?"

"அதையெல்லாம் ஏம்மா தோண்டுற? ஏத்திடு."

மணி நாலு ஐம்பது. அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"நாளைக்குக் குழந்தைங்க இதுல ஏறும். நீங்க சொல்லாட்டி நான் ஏத்த மாட்டேன். வேலை போனாப் போகட்டும்."

கதவுக்குப் பின்னால் அபாய மணி அடித்தது.

அதன் வயர் சுவரில் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது. ஐம்பத்து மூன்று புள்ளி இரண்டு.

சிவஞானம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கும் இப்படித்தான் அடிச்சுது," என்றார் மெல்ல. "மணியும் கோளாறுன்னு வயரப் புடுங்கினேன். கட்டடம் புதுசு, ஒரு குடித்தனம்கூட வரல. லிஃப்ட் மோட்டார் மெயின மட்டும் ஆஃப் பண்ணிட்டு சேலத்துக்கு ரயிலேறிட்டேன்."

மணி நிற்காமல் அடித்தது.

"காலியா இல்லம்மா அது. கூட்டிப் பெருக்குற பாப்பம்மா உள்ள இருந்தா."