மூன்றாமவர் கடைசியில் வருவார்

ஆறுக்கு அடுத்து எட்டு இருந்தது.

மலைக்குடிலின் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்த புதிய வழிகாட்டிப் புத்தகத்தில் சாம்பல் சுவர் என்ற செங்குத்துப் பாறையின் வண்ணப் படம் இரண்டு பக்கங்களுக்கு நீண்டிருந்தது. அதன்மேல் ஏறும் பாதைகள் சிவப்புக் கோடுகளாக, பன்னிரண்டு வரை எண் போட்டு ஓடின. யெர்னேயா விரல் வைத்து இரண்டு முறை எண்ணினாள். ஏழு இல்லை. அந்த இடத்தில், ஒரு கோடு ஓடும் அகலத்துக்குப் பாறை வெறுமையாக இருந்தது.

"அச்சுப் பிழைக்கா," என்றான் ஓஷ்பெய், வாய் நிறையக் களியோடு. "படம் போடத் தெரிஞ்சவங்களுக்கு எண்ணத் தெரியல."

ஓஷ்பெய் அவளுடைய தம்பி. இலையுதிர் காலத்தில் மலையேறுநர் தேர்வு. இரண்டு வருஷமாகத் தள்ளிப்போன அந்தத் தேர்வுக்கு இந்தச் சுவரில் இன்னும் ஒரே ஒரு பாதை ஏறியாக வேண்டும். அவன் தரத்துக்கு மிச்சமிருந்தவை இரண்டு. ஆறாவதில் காலையிலேயே ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எட்டாவது நேற்றைய மழையில் இன்னும் ஒழுகியது. அவனை ஏற்றிக் கூட்டிப்போய்ப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவரும் பொறுப்பு அவளுடையது. அம்மா தொலைபேசியில் அதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

அலமாரியில், சீட்டுக்கட்டுக்கும் பழைய நாட்காட்டிகளுக்கும் கீழே, எண்பது வருஷத்துக்கு முன் அச்சான, பச்சைத் துணி அட்டை போட்ட இன்னொரு வழிகாட்டி கிடந்தது. மண்ணெண்ணெயும் புகையும் கலந்து நாறியது. படமே கிடையாது, முழுக்க எழுத்து. அதில் ஏழு இருந்தது. ஐந்து பக்கங்களுக்கு இருந்தது.

"எளிது. சீக்கிரம் காயும். இருபத்தொரு ஆணிகள் பாறையில் இருக்கின்றன. எந்த இடத்திலிருந்தும் அவற்றில் கயிறு கோத்து இறங்கிவிடலாம்."

அந்தக் கடைசி வரியில் யெர்னேயாவின் மனம் விழுந்துவிட்டது. எங்கே போனாலும் திரும்பும் வழியை முதலில் பார்த்து வைப்பவள் அவள்.

"இவ சினிமாவுக்குப் போனாக்கூடக் கதவுக்குப் பக்கத்து சீட்தான் கேப்பா," என்று ஓஷ்பெய் குடில்காரி மில்காவிடம் சொன்னான்.

மில்கா சிரிக்கவில்லை. ஈரக்கையோடு வந்து பச்சைப் புத்தகத்தைப் பார்த்தாள். "அது அடுப்புப் பத்த வெக்க வெச்சிருக்கிறதும்மா."

"எப்போலேர்ந்து மில்காம்மா?"

"என் மாமனார் காலத்துலேர்ந்து. எரிக்க யாருக்கும் கை வரல." மேசையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "ஏழுல மூணு பேர் போனாங்களாம். ரெண்டு பேர் வந்து புத்தகம் எழுதினாங்களாம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இன்னொரு கரண்டி களி போடவா?"

பாதைக் குறிப்பின் முடிவில் ஒரு வரி இருந்தது: "மூவர் கொண்ட கயிற்றுக்கு ஆறு மணி நேரம். மூன்றாமவர் கடைசியில் வருவார்." அந்தக் காலத்து வழக்கம் அது. கயிற்றின் கடைசி ஆள், முன்னால் போனவர்கள் பாறையில் அடித்த ஆணிகளைச் சுத்தியலால் தட்டிப் பிடுங்கிச் சேர்த்துக்கொண்டே ஏறுவார். அப்படியானால் இருபத்தொன்றும் எப்படி இன்னும் சுவரிலேயே இருக்கின்றன என்று யெர்னேயாவுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அங்கேயே விட்டுவிட்டாள். புதிய புத்தகத்தை மூடி வைத்து, பச்சையைப் பையில் போட்டாள். குடிலின் பதிவேட்டில் எழுதினாள்: ஏழாம் பாதை, இருவர், மாலை ஐந்துக்குத் திரும்புவோம்.

பாறை காய்ந்து, கைக்கு இதமாக இருந்தது. இரண்டு கயிறுகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, இரண்டும் அவன் இடுப்பிலிருந்து அவள் இடுப்புக்கு. ஓஷ்பெய் முன்னால் போனான். ஆணிகள் புத்தகம் சொன்ன இடங்களில் அப்படியே இருந்தன. எண்பது வருஷத்து இரும்பில் துரு இல்லை. ஆணித்தலையில் கயிறு கோக்கும் வளையங்கள் தினமும் புழங்கும் கதவுப்பிடி மாதிரி பளபளத்தன. அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

மூன்றாவது கயிறு நீளத்தில் மூடுபனி ஏறி வந்தது. பள்ளத்தாக்கில் மேய்ந்த மாடுகளின் மணி ஓய்ந்தது, ஆறாவது பாதைக்காரர்களின் குரல்கள் ஓய்ந்தன, ஈரச் சுண்ணாம்பு வாசனையும் கயிறு பாறையில் உரசும் சரசரப்பும் மட்டும் மிச்சமாகி, பட்டப்பகல் பதினொரு மணிக்குக் கீழே தன் பூட்ஸ் நுனி மட்டுமே கண்ணுக்குத் தெரிய, அவள் ஓஷ்பெயின் பக்கத்தில் ஒரு முழங்கை அகலத் திட்டில் நின்று புத்தகத்தைப் பிரித்தாள்.

"என்னக்கா போட்டிருக்கு?"

"நாம் இடப்பக்கம் திரும்பி வெடிப்பில் ஏறுகிறோம்," என்று படித்தாள். அதற்கு அடுத்த வரியைச் சத்தமாகப் படிக்கவில்லை. "மூன்றாமவர் வந்து சேரும்வரை இங்கே காத்திருப்பது நல்லது."

கீழேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது.

"நமக்குப் பின்னாடி யாரோ வராங்க," என்றான் ஓஷ்பெய். "இந்தக் காலத்துல எவன்க்கா சுத்தியல் தூக்கிட்டு அலையறான்? ஹோ!"

டிங், டிங், டிங், டங். நிறுத்தம். இரும்போடு இரும்பு உரசும் சிறு சத்தம். மறுபடி டிங், டிங்.

ஆணி பாறைக்குள் இறங்கும்போது அதன் சத்தம் அடிக்கு அடி மேலேறும், இறுகிக்கொண்டே போகும் கம்பியின் சத்தம்போல. மலையேறும் எவருக்கும் அது காதில் ஊறிய சத்தம். யெர்னேயா மூச்சை அடக்கிக் கேட்டாள். இது மேலேறவில்லை. அடிக்கு அடி இறங்கியது. தளர்ந்தது. பிறகு ஆணி கழன்று, ஏற்கெனவே சேர்ந்திருந்த மற்றவற்றோடு மோதிக் கிலுங்கியது.

யாரோ ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள்.

எந்தக் கதவை நம்பி அவள் இந்தப் புத்தகத்தை எடுத்தாளோ, அந்தக் கதவு கீழிருந்து ஒவ்வொரு ஆணியாகச் சாத்தப்பட்டுக்கொண்டிருந்தது. எட்டு ஆணிகள் தாண்டி வந்திருந்தார்கள். போன சத்தம் ஐந்தாவதா, ஆறாவதா?

"நாம இறங்கிடலாமாக்கா? உன் முகம் சரியில்ல."

"இறங்க முடியாது. ஏறு."

"ஏன்?"

"ஏறுடா."

ஏறினான். அவள் பின்னால் ஏறினாள். பனிக்குள் அவர்கள் நின்றால் கீழே சத்தமும் நின்றது, ஏறினால் அதுவும் ஏறியது. அவள் புத்தகத்தைத் திறப்பதை விட்டுவிட்டு ஆணிகளை மட்டும் எண்ணினாள். பன்னிரண்டு. பதினான்கு. கடைசித் திட்டில் பதினாறும் பதினேழும். மேலே ஒரு குறுகிய பிளவு. அதைத் தாண்டினால் முகடு, முகட்டிலிருந்து மறுபக்கம் நடந்தே குடிலுக்கு இறங்கும் புல்தடம். இன்னும் ஒரே ஒரு கயிறு நீளம்.

தன் இடுப்பு முடிச்சுகளை இழுத்துப் பார்த்தாள். சிவப்பு. பச்சை. இரண்டும் இறுக்கமாக இருந்தன.

"மேல போய் மூணு தடவ இழுப்பேன்," என்றான் ஓஷ்பெய். "அப்ப வா."

பிளவு அவனை விழுங்கியது. கயிறுகள் அவள் கைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஓடின. கொஞ்சம் நின்றன. ஓடின. பிறகு ஓடவில்லை.

கீழே சுத்தியல் நெருங்கிவிட்டது. அடிகளுக்கு நடுவில் மூச்சு வாங்குவது கேட்டது. சீரான, பொறுமையான, வேலைக்காரனின் மூச்சு. ஈரக் கம்பளி வாசனை வந்தது. அவள் கீழே பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கயிறு மூன்று தடவை இழுபட்டது.

அவள் பிளவுக்குள் நுழைந்தாள். முதுகு ஒரு சுவரில், முட்டிகள் எதிர்ச் சுவரில். குனிந்து பார்க்க இடமில்லை. சிவப்பும் பச்சையும் முகத்தை உரசிக்கொண்டு மேலே போயின. பதினெட்டாம் ஆணி. ஓஷ்பெய் அதில் மாட்டிய கொக்கியைக் கழற்றினாள். ஏறினாள். பூட்ஸுக்கு அடியிலேயே டிங், டிங், டங். பத்தொன்பது. கழற்றினாள். ஏதோ ஒன்று இடுப்பில் மெதுவாகத் தட்டியது. பாறைதான் என்று சொல்லிக்கொண்டாள். ஏறினாள். டிங். டங்.

வெளிச்சம். காற்று. ஓஷ்பெயின் பூட்ஸ்.

அவன் முகட்டுக்குச் சற்றே கீழே, சரிவான திட்டில், பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலைக்குமேல் இரண்டு ஆணிகள், இருபதும் இருபத்தொன்றும். அவனைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தவை அவை மட்டும்தான். அவள் தன்னையும் அவற்றில் கோத்துக்கொண்டு அவன் தோளைப் பிடித்தாள். அழுகை வந்தது.

"வந்துட்டோம்டா. மேல ஏறிக் கயிற அவிழ்த்துட்டு நடப்போம். சீக்கிரம்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. விளிம்பையே பார்த்தபடி கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டிருந்தான். சிவப்புக் கயிறு அவன் காலடியில் சுருண்டு கிடந்தது. இழுத்தது பச்சையை.

யெர்னேயா தன் இடுப்பைத் தடவினாள். சிவப்பு முடிச்சு இருந்தது. பச்சை முடிச்சு இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

பச்சைக் கயிறு விளிம்பைத் தாண்டிப் பிளவுக்குள் இறங்கியது. பாரத்தில் விறைத்திருந்தது.

"ஓஷ்பெய். விடுடா அத."

"இன்னும் ஒருத்தர் வரணும்லக்கா."

குரல் அவனுடையதுதான். சாதாரணமாக, களி சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற மாதிரி. அவள் இடுப்புப் பட்டையிலிருந்து கத்தியை உருவி விரித்தாள். விறைத்த கயிறு, தொட்டாலே போதும்.

"வேண்டாம்க்கா," என்றான் அவன். "போன தடவ அறுத்ததாலதான் இவ்வளவு லேட்டு."

அவள் கை நின்றது. அந்த ஒரு கணம் நின்றது.

விளிம்பில் ஒரு கம்பளிக் கையுறை வந்தது. விரல் நுனிகள் தேய்ந்து திறந்திருந்தன, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது ஓர் ஆணியைப் பாறைமேல் வைத்தது. அதன் பக்கத்தில் இன்னொன்றை. ஒழுங்காக, வரிசையாக, அவசரமில்லாமல். அவள் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பத்து. பதினைந்து. பத்தொன்பது.

கை வெறுமையாகத் திரும்பிப் போனது.

ஓஷ்பெய் நகர்ந்து, தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டான்.

ஈரக் கம்பளி வாசனை அவளைக் கடந்து மேலே போனது. சத்தம் அவள் தலைக்குமேல், தம்பியும் அவளும் கோத்திருந்த ஆணியிலிருந்து வந்தது.

டிங். டிங். டங்.